வார்டில் மாம்பழ வாசம்

"அது வெறும் ஆவிதானே" என்று யாராவது இன்றைக்கும் என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வாக்கியம் அது. என் மருமகன் சொன்னார். அவருடைய உம்மா சொன்னார். என் கூடப்பிறந்த ராத்தா சொன்னார். நான் பெற்று வளர்த்த மகளும் சொன்னாள். மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் நான். அது ஆவியா நஞ்சா என்று தீர்ப்புச் சொன்னவர்களோ நன்றாக மூச்சு விடுகிறவர்கள்.

எனக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா நோய், சிறு வயதிலிருந்தே உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெண்கட்டித் தூளைச் சுவாசித்தபடி காலம் முழுக்கப் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் அடங்கியிருந்தது. போன மாரியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் ஊறி, உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடித்து, ஒரு நாள் காலையில் எழும்பிக் கதவைத் திறக்கப் போனவள் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் ஓடிவந்தாள். மருமகன்தான் ஓட்டோ பிடித்து, என்னை ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டியே பிறகு என் வாயை அடைக்கப் பார்த்தார்கள் என்பதால் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

மருமகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டைக் கட்டியவர்கள் பின்பக்கத்து அறைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். என் கணவர் மவுத்தாகிப் பல வருடம். நானும் அப்படித்தான் சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறைக்குள் ஒதுங்கினேன். மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் ராசா. மீனின் நடுத்துண்டு அவருக்கு. ஹோலில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கதிரை அவருக்கு. அவர் முகம் கொஞ்சம் கறுத்தால் வீடே குசுகுசு என்று கதைக்கும். கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றால் அதைவிட அவமானம் பெண் வீட்டுக்கு இல்லை.

இதில் மாமியாருக்கென்று தனி ஒழுங்கு இருக்கிறது. மாமி மருமகனுக்கு முன்னால் போய் நிற்க மாட்டாள். கதவு மறைவில் நின்று, "மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமாமா, கேளு புள்ள" என்று மகளிடம் சொல்லுவாள். ஒரே அறையில் இருக்க வேண்டி வந்தால் தலைத்துணியை இழுத்துவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்போதெல்லாம் பல வீடுகளில் மாமியும் மருமகனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இன்னும் விடவில்லை. என்னைவிட மூத்த ராத்தா உயிரோடு இருக்கும்வரைக்கும் விடவும் மாட்டோம். மரியாதை என்றால் பார்க்காமல் இருப்பது என்று எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள்.

சம்பந்தம் பேசி முடித்தவரும் ராத்தாதான். பேசும்போது அவர் அழுத்திச் சொன்ன ஒரே பெருமை, "பொடியன் சிகரட்டக் கையால தொடமாட்டான்" என்பது. எனக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. முட்டுக்காரி இருக்கிற வீட்டுக்குப் புகை பிடிக்கிறவர் வந்தால் என்ன செய்வது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ராத்தா சொன்னதில் பொய்யே இல்லை. அவர் சிகரட்டைத் தொடவில்லைதான்.

வார்டில் எனக்குக் கிடைத்தது ஜன்னலுக்கு இரண்டாவது கட்டில். மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் காரைதீவுப் பக்கத்து அம்மா ஒருவர் படுத்திருந்தார். வயல்காரக் குடும்பம். நெஞ்சு முழுக்கக் கெட்டுப்போய், மூக்கில் குழாய் வைத்து ஒக்சிசன் போய்க்கொண்டிருந்தது. உயரமான சிலிண்டர் எங்கள் இருவருடைய கட்டிலுக்கும் இடையில் நின்றது. நான் டீச்சர் என்று தெரிந்ததும் அவரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். நல்ல மனுஷி. ஒரு வசனத்தை முடிக்க மூன்று தடவை மூச்சு எடுப்பார், ஆனாலும் கதையை நிறுத்த மாட்டார்.

காலையில் நர்ஸ் மிஸி வந்து எனக்கு முகமூடியைப் போட்டு நெபுலைசர் தருவார். மருந்து ஆவியாக உள்ளே போகப் போக நெஞ்சு திறக்கும். பகல் முழுக்க நன்றாக இருப்பேன். டொக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இப்படியே இருந்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பார். பின்னேரம் பார்வை நேரம் முடிந்து ஆட்கள் போனதும் என் மூச்சில் விசில் சத்தம் தொடங்கும். நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டினாற்போல இருக்கும். மிஸி ஓடி வருவார். மறுபடியும் முகமூடி. மறுநாள் டொக்டர் வந்து புருவத்தைச் சுருக்குவார்.

பார்வை நேரம் எங்கள் வார்டு கல்யாண வீடு மாதிரி இருக்கும். நோயாளியை விசாரிக்கப் போவது எங்களுக்குக் கடமை, நன்மை. அதனால் தெருவிலுள்ள எல்லாரும் வருவார்கள். குளித்து, வெள்ளை உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு வருவார்கள். தோடம்பழம் கொண்டுவருவார்கள். போத்தலில் கோழி சூப் கொண்டுவருவார்கள். சிலர் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். இவர்கள் எல்லாருக்கும் நடுவில், நாள் தவறாமல், மகளைக் கூட்டிக்கொண்டு மருமகனும் வருவார். கட்டிலடியில் கிடக்கும் ஒரே பிளாஸ்டிக் கதிரையை அவருக்கு இழுத்துப் போடுவார்கள். மகள் வயிற்றில் பிள்ளையோடு நிற்பாள், மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் எல்லாம், "மாஷா அல்லாஹ், மாமியில என்ன இரக்கம் பாருங்க. ஒரு நாள் தவறாம வாறாரே" என்று புகழ்வார்கள். நான் தலைத்துணியை இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மரியாதை.

டொக்டர் ராத்தாவைப் பிடித்து விசாரித்தார். ராத்தாதான் எனக்குத் துணைக்கு நின்றவர். "பின்னேரம் வாற ஆக்கள் என்ன பூசிட்டு வாறாங்க?" என்று கேட்டார். அத்தர் என்று தெரிந்ததும், இனிமேல் இந்தக் கட்டிலுக்கு அத்தர் பூசிக்கொண்டு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்வது லேசான வேலையா? ராத்தா வாசலில் நின்று ஒவ்வொருவராக மணந்து பார்த்தார். ஒரு மாமா கோபித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். பவுடரும் நிறுத்தப்பட்டது. பூஞ்சணம் பிடித்திருக்குமோ என்று என் தலையணையைக்கூட மாற்றினார்கள். அன்றைக்கும் பின்னேரம் முட்டு வந்தது. பிறகு பழங்களில் சந்தேகம். எனக்கே அந்த நேரத்தில் ஒரு பழ வாசம் மணந்துகொண்டுதான் இருந்தது. யாரோ பழச்சாறு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்காகத் தோடம்பழத்தையும் தடுத்தார்கள். அன்றைக்கும் முட்டு வந்தது.

ஊரெல்லாம் என் ஒருத்திக்காக அத்தரை விட்டது, பவுடரை விட்டது, பழத்தை விட்டது. கதிரையில் இருந்தவரை மட்டும் யாரும் மணந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளையை யார் மணந்து பார்ப்பது?

காரைதீவு அம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தார். மத்தியானம் வார்டு அமைதியாக இருந்த நேரம். ராத்தா லுஹர் தொழப் போயிருந்தார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. உங்கட மருமகன் வந்திட்டுப் போனாப் பிறகு ஒரு மாம்பழ வாசம் நிக்குது. அதுக்குப் பிறகுதான் எனக்கும் நெஞ்சடைக்குது. மாம்பழம் ஏதும் கொண்டு வாறாரா?"

"இந்த மாரியில மாம்பழத்துக்கு எங்க போற?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுதான் நானும் பாக்கிறன். எங்கட வீட்டு மாமரத்தில பூவே இன்னும் வரல்ல" என்றார்.

மாம்பழம் இல்லாத மாதத்தில் மாம்பழ வாசம் எங்கேயிருந்து வருகிறது? அன்றைக்குப் பின்னேரம் நான் தலைத்துணியை வழக்கம்போல இழுத்துவிட்டேன். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. துணிக்குள்ளால் ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு மருமகனைப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவருடைய முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். சொல்லச் சிரிப்பாக இருக்கிறது, அவருக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அவர் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தார். மற்றக் கை முழுக்கைச் சேர்ட்டின் நுனிக்குள் இருந்தது. அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். விரல்களுக்கு நடுவில், பிள்ளைகள் புத்தகத்தில் கோடு போடும் தடித்த நிறப்பேனை அளவில் ஒரு சாமான். நுனியில் ஒரு நீல வெளிச்சம் மின்னி அணைந்தது. கன்னம் ஒடுங்கியது. பிறகு தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கட்டிலுக்குக் கீழே, சிலிண்டர் பக்கமாக, மெதுவாக ஊதினார். வெள்ளையாக வந்து, தரையோடு பரவி, மறைந்துவிட்டது. மாம்பழம் மணந்தது. என் மகள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆட்கள் வருகிற பக்கம் கொஞ்சம் நகர்ந்து அவரை மறைத்து நின்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எழும்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. வாய் வரவில்லை என்று சொல்வதா, வளர்ப்பு விடவில்லை என்று சொல்வதா தெரியவில்லை. அவர் எழும்பிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மகளை மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது என்ன சாமான் மகள்?"

அவள் ராத்தாவைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். "உம்மா, அது சிகரட் இல்ல. வேப் எண்டு சொல்ற. அவர்ர கூடப்பிறந்த காக்கா கட்டார்ல இருந்து குடுத்தனுப்பின. புகையில்லம்மா, வெறும் ஆவிதான்."

"வீட்டிலயும் குடிக்கிறாரா?"

"எங்கட அறைக்குள்ள மட்டும்தான்."

அறைக்குள்ளே மட்டும். மழைக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறைக்குள்ளே, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு என் மகள் படுக்கிற அறைக்குள்ளே மட்டும். ஏதோ பெரிய ஒழுங்கைக் கடைப்பிடிக்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் மிஸியைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். ராத்தா என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன மூளை கலங்கிட்டா? மாப்பிள்ளைய ஆஸ்பத்திரியில வச்சி நாலு பேருக்கு முன்னால அவமானப்படுத்தினா அவரு இரிப்பாரா? உம்மா வீட்ட போயிருவாரு. இந்தப் புள்ள வயித்தோட நிக்கிற நேரம் உனக்கு இது தேவையா? வெறும் ஆவிக்குப் போயி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "டொக்டர்க்கிட்டச் சொல்லி உன்ட கட்டில அங்கால மாத்துவம்" என்றார்.

பாருங்கள் நியாயத்தை. வருத்தக்காரி கட்டிலை மாற்ற வேண்டும். ஊதுகிறவர் கதிரையில் இருக்கலாம். நான் கட்டிலை மாற்றிக்கொண்டு போனால் காரைதீவு அம்மா எங்கே போவார்? சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடுவாரா? அவருக்கு அந்த மனிதர் மாப்பிள்ளையும் இல்லை, மருமகனும் இல்லை. அவர் எதற்காக எங்கள் வீட்டு மரியாதையைச் சுவாசிக்க வேண்டும்? எவ்வளவு கேட்டும் ராத்தாவுக்கு இது ஏறவில்லை. மகள் அழுதுகொண்டே போனாள். அன்றைக்கு எனக்கு வந்த முட்டு முன்னைய எல்லாவற்றையும்விட மோசம். முகமூடிக்குள் கிடந்தபடி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கும் ஒக்சிசனைக் கூட்டி வைத்திருந்தார்கள். அவருடைய கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் மறுபடியும் வந்தார். கதிரை இழுத்துப் போடப்பட்டது. ராத்தா என் காலடியில் இருந்து கண்ணால் மிரட்டிக்கொண்டிருந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சேர்ட்டுக் கை வாய்க்குப் போனது.

நான் எழும்பி உட்கார்ந்தேன். தலைத்துணி பின்னால் சரிந்தது. சரியட்டும் என்று விட்டேன். வகுப்பின் கடைசி வாங்கில் இனிப்பைச் சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் கேட்கும் அதே குரல் எங்கே இருந்தோ வந்தது.

"மகன், வாய்க்குள்ள என்ன?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராத்தா "அல்லாஹ்வே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மருமகன் ஊதவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு இருந்தார். பிறகு மூக்கால் வெள்ளையாக வழிந்தது.

"மாமி, இது சிகரட் இல்ல" என்றார். என்னிடம் அவர் நேரே கதைத்த முதல் வசனம் அதுதான். "வார்டு வாசல்ல ஒட்டியிருக்கிற படத்தப் பாருங்க, சிகரட்டுக்குத்தான் கோடு போட்டிருக்காங்க. இது சும்மா ஆவி. தண்ணிதான்."

"சும்மா ஆவியெண்டா ஏன் மகன் சேர்ட்டுக் கைக்குள்ள ஒளிச்சி வச்சிக் குடிக்கிறீங்க?"

அவர் சேர்ட்டுக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டார். சத்தம் கேட்டு மிஸி வந்தார். கையை நீட்டினார். மருமகன் கொடுக்காமல், "மிஸி, நீங்க காலையில மாமிக்குக் குடுக்கிறதும் ஆவிதானே? அது மாதிரித்தான்" என்றார். அந்தத் துணிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை அரிக்கிறது. மிஸி நல்ல பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமையும் போய்விட்டது.

"நாங்க குடுக்கிறது மருந்து. டொக்டர் எழுதித் தாறது, அளவு பாத்துக் குடுக்கிறது. இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு உங்களுக்கே தெரியாது. தண்ணியா இது? நிக்கொட்டின், எண்ணெய் மாதிரி ஒரு சாமான், வாசத்துக்குப் போடுற மருந்து. நல்ல நெஞ்சுக்கே கூடாது. இங்க கிடக்கிற ஆக்கள்ற நெஞ்சப் பாருங்க. ஒராள் ஊதினா முழு வார்டும் குடிக்கணும். ஜன்னலும் பூட்டிக் கிடக்கு."

பிறகு அவர் சிலிண்டரைக் காட்டினார். குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அதுக்குள்ள கம்பி ஒண்டு சூடாகித்தான் ஆவி வருது. பெற்றரியும் இருக்கு. நீங்க ஊதுறது ஒக்சிசனுக்குப் பக்கத்தில. ஒரு பொறி பட்டாக் காணும். இந்த அம்மாட மூக்கில குழாய் கிடக்கு, தெரியுதா? இவ எழும்பி ஓடுவாவா?"

காரைதீவு அம்மா மூக்குக் குழாயை ஒரு கையால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு நாளும் தன்னுடைய தலைமாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எனக்கும்தான். நெஞ்சடைப்பைப் பற்றி மட்டுமே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பைப் பற்றி நினைக்கவே இல்லை.

"வெளிய போய்க் குடிக்கிறன்" என்று மருமகன் எழும்பினார்.

"வெளிய எண்டா கேட்டுக்கு வெளிய. ஆஸ்பத்திரி வளவுக்குள்ள எங்கயும் ஏலா" என்றார் மிஸி.

அவர் போய்விட்டார். மகளையும் விட்டுவிட்டுத் தனியே போய்விட்டார். வார்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் மாப்பிள்ளை பக்கம். "என்ன இருந்தாலும் மருமகனுக்கிட்ட இப்படிக் கேக்கிறதா" என்று எதிர்க் கட்டிலில் ஒருவர் முணுமுணுத்தார். அவருக்கும் முட்டு வருத்தம்தான். பார்வை நேரம் முடிந்தது. நான் காத்திருந்தேன். விசில் சத்தம் வரவில்லை. மிஸி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வரவே இல்லை. அன்றைக்கு நான் அழுதேன், சந்தோசத்தில் இல்லை. இவ்வளவு லேசான ஒரு காரியத்துக்காக இவ்வளவு நாள் சாகக் கிடந்தேனே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

மறுநாள் டொக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "காலையில நாங்க திறந்து விட்ட நெஞ்ச, பின்னேரம் வந்து அவர் மூடிட்டுப் போயிருக்கார்" என்றார்.

மருமகன் ராத்தா சொன்னபடியே தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஊர் நன்றாகக் கதைத்தது. மாமி மருமகனை ஆஸ்பத்திரியில் வைத்து அறைந்தாவாம் என்றுகூட ஒரு கதை வந்தது. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் பின்னேரம் அவருடைய உம்மா என்னைப் பார்க்க வந்தார். அத்தர் மணக்க, ஒரு பை நிறையத் தோடம்பழத்தோடு வந்து, அந்தக் கதிரையில் உட்கார்ந்து, முதலில் சுகம் விசாரித்தார். அதற்குப் பிறகு, "என்ட புள்ள சிகரட் தொடாத புள்ள. ஒரு ஆவிக்குப் போய் இப்படிச் செஞ்சிட்டீங்களே" என்றார். எனக்கு நெஞ்சு நன்றாகத் திறந்திருந்தது. அதனால் நன்றாகவே பதில் சொன்னேன்.

"உங்கட புள்ள ஊதினத்த உங்கட பேரப்புள்ளயும் குடிக்கிது" என்றேன். "அத முதல்ல கேளுங்க."

அவர் எழும்பினார். போகும்போது தோடம்பழப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரைதீவு அம்மாவுக்கு இன்னும் நாள் இருந்தது. போகும்போது அவர் கையைப் பிடித்தேன். "மாம்பழக் காலத்துக்கு வீட்ட வாங்க டீச்சர்" என்றார். வார்டு வாசலில் கோடு போட்ட சிகரட் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேனை மாதிரிச் சாமானின் படத்தையும் புதிதாக ஒட்டியிருந்தார்கள். அதற்கும் ஒரு சிவப்புக் கோடு. படம் ஒட்டாவிட்டால் இவர்களுக்கு விளங்காதா? நாளைக்கு வேறு ஏதாவது கட்டாரிலிருந்து வந்தால் அதற்கும் படம் ஒட்டும்வரை குடிப்பார்களா? ராத்தா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் எல்லாருடைய முகமும் செத்த வீட்டு முகமாக இருந்தது. மாப்பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வரப் பெரியவர்கள் போனார்கள், வந்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு வருவதாகச் சம்மதித்தாராம். ராத்தா சோறு ஆக்கினார். என்னிடம் வந்து, "நீ ஒண்டும் கதைக்காத. அறைக்குள்ள இரி. அவரு வந்து உட்காந்து சாப்பிட்டா எல்லாம் சரியாகிரும்" என்றார். எனக்குக் கதைக்க ஆசையும் இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். என் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். அவர் வருவார், சாப்பிடுவார், அறைக் கதவைச் சாத்துவார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நான் இருக்க மாட்டேன், மிஸியும் இருக்க மாட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெரியவர்கள் சலாம் சொல்லி வரவேற்கும் சத்தம் கேட்டது. ஹோலில் கதிரை இழுபட்டது. நான் குசினிப் பக்கத்து அறையில், கதவு மறைவில், பழைய இடத்தில் நின்றேன். பிறகு அந்த வாசம் வந்தது. மாரி மாதத்து மாம்பழம். என் நெஞ்சு அந்த இடத்திலேயே சுருங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஹோலிலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலில் அது என் குரல் என்றே நினைத்தேன்.

"வாய்க்குள்ள என்ன?"

எட்டிப் பார்த்தேன். மகள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தட்டை அவருக்கு முன்னால் வைக்கவில்லை. பெரியவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்தா என்னமோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நீங்க சும்மா இரிங்க பெரியம்மா" என்றாள் மகள். "அத வெளிய வச்சிட்டு வாங்க. இந்த வீட்டுக்குள்ள உம்மாவும் மூச்சு விடணும். இதுவும் மூச்சு விடணும்." தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்றக் கையை வயிற்றில் வைத்தாள்.

மருமகன் எழும்பினார். உம்மா வீட்டுக்குத்தான் போகப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் கேட்டைத் திறந்து வெளியே போய், மதிலுக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை. மதிலுக்கு மேலால் தலை மட்டும் தெரிந்தது. மகள் தட்டை மேசையில் வைத்து மூடிவிட்டு, அந்தக் கதிரையில், மின்விசிறிக்குக் கீழே, தானே உட்கார்ந்துகொண்டாள். சோறு ஆறிவிட்டது. நெடுநேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. கை இரண்டும் வெறுங்கையாக இருந்தன.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். ஆனால் அவர் என்னைக் கடந்து போனபோது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேரே பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தேன். மழை மணந்தது, வேறொன்றும் மணக்கவில்லை.